வன்னி மண்ணின் வரலாறு

மன்னர் பிறந்ததும் இறந்ததும், படைகள் வென்றதும் தோற்றதுமே வரலாறு என எண்ணுவோர் பலர். ஆனால், நாம் மிதித்து நடக்கும் மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை எழுதியவை மழையும் வெயிலும் காற்றும் கடலுமேயாம்.

பள்ளியிற் புவியியல் கற்ற நாளில், அமெரிக்காவின் கொலராடோ ஆறு ஒரு மைல் ஆழத்துக்குப் பாறையை அறுத்த அதிசயத்தைப் படத்திற் கண்டு வியந்தேன். நைல் நதியின் வண்டலைப் பற்றிப் பரீட்சைக்காக மனனஞ் செய்தேன். ஆனால், மாரி மழைக்கு எங்கள் வீட்டுப் படலையடியில் ஓடிய செந்நீரும் அதே வேலையைத்தான் செய்கின்றது என்று ஒருநாளேனும் எண்ணியதில்லை.

வன்னியின் தென்பாகம், சிறப்பாக வவுனியாப் பகுதி, மிகப் பழைய பளிங்குருப் பாறையின்மேல் அமைந்தது. ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய இவ்வகைப் பாறைகளுக்குப் புவிச்சரிதவியலாளர் ‘வன்னித் தொகுதி’ என்றே பெயரிட்டுள்ளனர். எமது நாட்டின் பெயர் கல்லின் பெயராகவும் உலக நூல்களில் வழங்குவது நமக்குப் பெருமையன்றோ! வடக்கே செல்லச் செல்ல இப்பாறை கீழே அமிழ, யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளமான சுண்ணாம்புக்கல் அதன்மேல் அமைகின்றது. அது மயோசீன் காலத்துக் கடலடியிற் படிந்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. வவுனியாவில் இன்று வெளியே தெரியும் கல், ஒரு காலத்திற் பல மைல் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் மாறி உருவான கல். அப்படியாயின், அதன்மேல் இருந்த அத்தனை பாறையும் எங்கே போயிற்று?

தேய்ந்து போயிற்று என்பதே விடை. மிகிந்தலை போன்ற குன்றுகள் சமவெளியின் நடுவே தனித்து நிற்பதைக் காண்கின்றோம். அவை மண்ணிலிருந்து முளைத்தவையல்ல. சுற்றியிருந்தவை தேய்ந்தொழிய, வன்மை மிக்கவை மட்டும் எஞ்சி நிற்கின்றன. இலங்கையின் தரை மூன்று படிகளாக அமைந்திருப்பதை 1929இல் பிராங்க் அடம்சு என்னும் கனடா நாட்டறிஞர் விளக்கினார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 அடி வரை உயரும் தாழ்ந்த படியிலேயே வன்னி உளது. நிலம் விட்டுவிட்டு உயர, ஆறுகள் அதனை அரித்தமையால் இப்படிகள் உண்டாயின என்றார் அவர். 1940களில் இந்திய அறிஞர் டி. என். வாடியா இதனை மறுத்து, நிலத்துண்டுகள் பிளவுண்டு உயர்ந்தமையே காரணம் என்றார். படிகள் உயர்ந்த விதத்தில் இருவரும் மாறுபட்டாலும், இத்தரை நெடுங்காலம் தேய்ந்த தரை என்பதில் ஐயமில்லை.

கல் எவ்வாறு தேய்கின்றது? மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்து மென்மையான அமிலமாகின்றது. அந்நீர் வெடிப்புகளில் இறங்கிக் கல்லின் ஒரு பகுதியைக் களியாக மாற்றுகின்றது. அக்களி தாழ்நிலத்திற் படிந்து நெல்வயலாகின்றது. கல்லிலுள்ள இரும்பு துருவேறி மண்ணைச் சிவப்பாக்குகின்றது. எளிதிற் கரையாத படிகக்கல் மணலாகி ஆற்றோடு சென்று கடலை அடைகின்றது. கொக்கிளாய்க்குத் தெற்கே புல்மோட்டைக் கரையிற் காணும் கரிய மணலும் இவ்வாறு உள்நாட்டுப் பாறையிலிருந்து வந்ததே. அலைகள் இலேசான மணலை அள்ளிச் செல்ல, பாரமான இல்மனைற்று கரையில் எஞ்சுகின்றது. அதனை எடுப்பதற்கென 1957இல் அரசு ஒரு கூட்டுத்தாபனத்தையே நிறுவியது. ஆகவே, தேய்வு என்பது அழிவு மட்டுமன்று. நாம் உண்ணும் சோறு கல் தேய்ந்ததன் பயன்.

இரணைமடுவின் பெயரும் இவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. செம்மணலும் பரற்கற்களும் கலந்த பழைய படிவுகளுக்கு ‘இரணைமடுப் படிவு’ என்று பெயர். தென்கரையில் புந்தலைப் பக்கத்தில் அத்தகைய படிவுகளை ஆராய்ந்த சிரான் தெரணியகல, கற்கால மனிதரின் கருவிகளை அவற்றிற் கண்டார். அவற்றின் வயது ஏறத்தாழ 125,000 ஆண்டுகள் வரை செல்கின்றது.

இனிக் கடலின் செயலைப் பார்ப்போம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குச் செல்வோர் நந்திக்கடல் ஒடுங்கிக் கிடப்பதைக் காண்பர். வட்டுவாகலில் அலைகள் குவித்த மணற்றிடர் கடலுக்கும் களப்புக்கும் நடுவே நிற்கும். மாரியில் வெள்ளம் பெருக, அத்திடர் உடைந்து வழிவிடும். கடல் கட்டுவதை மழை உடைக்கின்றது. மழை உடைத்ததைக் கடல் மீண்டும் கட்டுகின்றது. இவை ஆண்டுதோறும் அமைதியாக நிகழ்வன. ஆனால், 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை சில நிமிடங்களில் முல்லைத்தீவுக் கரையைக் குலைத்து, ஆயிரக்கணக்கான உயிர்களையும் கொண்டு சென்றது. இயற்கையின் வேலை எப்போதும் மெல்ல நடப்பதன்று என்பதை அன்று கண்ணீரோடு கற்றோம்.

மழை மண்ணைக் கடலுக்குக் கொண்டு செல்லும் வழியின் குறுக்கே எமது முன்னோர் இட்ட தடைதான் குளக்கட்டு. நீரை நிறுத்தினால் மண்ணும் நிற்கும். ஆயினும், கட்டும் மண்ணாலானதே. அதையும் மழை அரிக்கும். தண்ணிமுறிப்பு என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டாலே நீர் கட்டை முறித்த காட்சி மனக்கண்ணில் எழும். கட்டு உடைந்தால் வயல் பாழ். வயல் பாழானால் ஊர் கலையும். ஊர் கலைந்தால் கட்டைத் திருத்த ஆளில்லை. வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895இல் நூல் வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் என்னும் அதிகாரி, காட்டினுட் பாழடைந்து கிடந்த குளங்கள் பலவற்றைக் குறித்துள்ளார். 1957 டிசம்பர் வெள்ளத்தில் உலர்வலயத்துக் குளங்கள் பல உடைத்தன. 2009இல் போர் முடிந்து மக்கள் மீண்டபோது, பராமரிப்பின்றிக் கிடந்த குளங்களைத் திருத்துவது முதல் வேலைகளுள் ஒன்றாயிற்று. 2018 டிசம்பர்ப் பெருமழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல பகுதிகள் மூழ்க, இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன.

உடைப்பைக் கண்டு ஊர் அஞ்சுகின்றது. தூர்வதைக் கண்டு அஞ்சுவாரில்லை. அலைகரைக்கு மேலுள்ள காட்டை வெட்டினால், மரவேர் பிடித்திருந்த மண் முதல் மாரியிலேயே குளத்துள் இறங்கும். குளம் ஆழங் குறையும், சிறு மழைக்கும் வான் பாயும், கோடையில் வற்றும். ஆற்று மணலை அளவின்றி அள்ளினால் கரை இடியும். இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளிற் செய்வதை நாம் ஒரு தலைமுறையிற் செய்து முடிக்கின்றோம்.

இளைஞர்காள்! மழையை நிறுத்த எவராலும் இயலாது. ஆனால், அலைகரையில் மரத்தைக் காக்கவும், கட்டின் வெடிப்பைக் கோடையிலேயே அடைக்கவும் எம்மால் இயலும். அதற்கு முன், ஊர்ப் பெரியோரிடம் சென்று, அவர்கள் சிறுவயதில் நீந்திய நாளிற் குளம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். இன்றைய ஆழத்தையும் அளந்து அதனருகே எழுதுங்கள். பெரியோரே, கேட்டு வரும் பிள்ளைகளுக்கு மறக்காமற் சொல்லுங்கள். அவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே எமது ஊர் மண்ணின் வரலாற்றில் நாம் எழுதிய பக்கம்.