வேலை மெனக்கெட்டவர்கள்

போன வாரம் என் பையனைத் திட்டிவிட்டேன். பறவை பார்க்கிற கூட்டாளிகள் அவனுக்கு நாலைந்து ஊரில் இருக்கிறார்கள். முகம்கூடப் பார்த்ததில்லை, ஆனால் மணிக்கணக்கில் பேச்சு! "வேலை மெனக்கெட்டு இதெல்லாம் எதுக்குடா?" என்று கேட்ட பிறகுதான், நான் இப்போது வேலை பார்க்கும் இந்த ஊரில் நடந்த ஒரு கதை ஞாபகம் வந்தது.

ஹாம் ரேடியோ தெரியும்தானே? அரசுத் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோவில் முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. இதில் காசு வாங்கக் கூடாது. பேசியதற்கு அத்தாட்சியாக அட்டை அனுப்பிக்கொள்வார்கள். எத்தனை தேசத்து அட்டை சேர்ந்தது என்பதில்தான் பெருமையே.

அந்தமான் அட்டை கிடைப்பது குதிரைக்கொம்பு. 1987-க்குப் பிறகு இங்கிருந்து ஹாம் குரல் எதுவும் எழவில்லை. பாரதி பிரசாத் என்ற பெண்மணி பல வருடம் விடாமல் முயன்று அனுமதி வாங்கி, 2004 டிசம்பரில் சில நண்பர்களோடு போர்ட் பிளேர் வந்தார். (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். எனக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது.) ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய அமெச்சூர் ரேடியோ நிலையத்தின் ஏற்பாடு அது. ஹோட்டல் அறையில் ரேடியோவை வைத்தார்கள். இந்த அட்டைக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் கூப்பிட்டார்கள்.

டிசம்பர் 26, ஞாயிறு, காலை 6.29. பூமி ஆடியது, பின்னாலேயே கடல் வந்தது. இந்தத் தீவுகளில் மட்டும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 3,000-க்கு மேல். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. அட்டைக்காக வந்தவர்கள் அன்றே வேலையை மாற்றிக்கொண்டார்கள். இன்னார் பத்திரம், இன்னாரைத் தேடுகிறார்கள் என்று ஊர்களுக்குச் சேதி போக ஆரம்பித்தது. பிறகு குழுவில் சிலர், சுமார் 270 கிலோமீட்டர் தெற்கே நொறுங்கிக் கிடந்த கார் நிகோபாருக்கும் ரேடியோவோடு போனார்கள்.

நான் பி.காம். படித்தவன், மின்சுற்றெல்லாம் புரியாது. ஆனால் ஒன்று புரிகிறது. இரைச்சலுக்கு நடுவே மெல்லிய குரலைப் பிடிப்பது, பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிச் சரிபார்ப்பது எல்லாம் ஒரே நாளில் வருகிற பழக்கம் இல்லை. அட்டை சேர்க்கிற ஆசையில் வருடக்கணக்கில் படிந்தது. மறுமுனையில் கேட்பதற்கு ஆட்களும் ஏற்கெனவே இருந்தார்கள். ஆபத்து வந்த பிறகு அப்படி ஒரு கூட்டத்தைத் தேடிப் பிடிக்க முடியுமா?

ஊரை விட்டு வந்த நமக்கு "நல்லா இருக்கோம்" என்ற இரண்டு வார்த்தையின் விலை தெரியும். அன்று எத்தனையோ வீடுகளுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள், அதுவரை வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர்களாகத்தான் இருக்கும்.

பையனிடம் இன்னும் சமாதானம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிடியா டாப்புவுக்குப் பறவை பார்க்க அவனோடு நானும் போவதாக இருக்கிறேன்.