டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கலாம்... டவுன்லோடு செய்த கேமை? ரீஃபண்ட் விதிகள் சொல்வது என்ன?

மேற்கு தாம்பரம் சண்முகம் சாலையில் எடுத்த சட்டை அளவு சரியில்லை என்றால், மறுநாள் பில்லோடு போய் நிற்கலாம். கடைக்காரர் முணுமுணுத்தாலும் வேறு அளவு எடுத்துக் கொடுப்பார். பணமாகத் திருப்பித் தருவதுதான் அபூர்வம். அதே வீட்டில் பையன் 3,000 ரூபாய்க்கு ஒரு கேம் வாங்கி, ராத்திரி முழுக்க டவுன்லோடு செய்து, கடைசியில் லேப்டாப்பில் அது ஓடவே இல்லை என்றால் எங்கே போய் நிற்பது? கடையும் கிடையாது, முகம் பார்த்துப் பேச ஆளும் கிடையாது. ஆனால் விதி உண்டு. அது பெரும்பாலும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்பது செல்லுமா?

பில்லுக்கு அடியில் பொடி எழுத்தில் இருக்கும் இந்த வரி, குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள் கணக்கு. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். 'குறை இருக்கு' என்பது வேறு, 'பிடிக்கலை' என்பது வேறு. முதலாவது உரிமை. இரண்டாவது, கடைக்காரர் பார்த்துச் செய்யும் சலுகை. நிறம் பிடிக்கவில்லை என்று கடையில் சண்டை போடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

டிஜிட்டல் கேமுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்றால், பொருந்தும். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளில் டிஜிட்டல் பொருட்களும் அடங்கும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டு நிறுவனமாக இருந்தாலும், இந்திய வாடிக்கையாளர்களுக்குத் தொடர்ந்து விற்றால் விதி அதற்கும் உண்டு. விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது.

டிஸ்க் வாங்கினால் சீல்தான் எல்லாம்

ரிச்சி தெருவிலோ, ஜிஎஸ்டி சாலைக் கடைகளிலோ பிளேஸ்டேஷன் டிஸ்க் வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிட்டால் அது 'யூஸ்டு' ஆகிவிடும். டிஸ்க் கீறலோடு வந்தால் மாற்றித் தர வேண்டும். கதை போரடிக்கிறது என்றால் தர மாட்டார்கள். ஆனாலும் கைவசம் ஒரு வழி இருக்கிறது: பாதி விலைக்காவது விற்கலாம், நண்பனிடம் மாற்றிக்கொள்ளலாம். டவுன்லோடு கேமில் அது முடியாது. அங்கே நாம் வாங்குவது கேமை அல்ல, விளையாடும் உரிமத்தை. இதை வாங்கும் நேரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் தனிச் சட்டமே போட்டு, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது.

இரண்டுங்கெட்டான் ஒன்றும் உண்டு. கம்ப்யூட்டர் கேம் என்று அட்டைப்பெட்டி வாங்கினால், உள்ளே டிஸ்க்குக்குப் பதில் ஒரு கோடு மட்டும் இருக்கும். சுரண்டிவிட்டால் கடைக்காரர் வாங்க மாட்டார். ஸ்டீமும் வெளியில் வாங்கிய கோடுகளுக்குப் பணம் தருவதில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டிஸ்க் வாங்குவதும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான். பில் கிடையாது, அடுத்த வாரம் அதே ஆள் அங்கே இருப்பார் என்ற உத்தரவாதமும் கிடையாது. நின்ற இடத்திலேயே டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து வாங்குவதுதான் அங்கே வாரன்ட்டி.

எந்தத் தளத்தில் எவ்வளவு நேரம்?

ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் காரணம் எதுவாக இருந்தாலும் பணம் திரும்பும். 'பிடிக்கலை' என்பதும் போதும். நம்மூர்த் துணிக்கடையைவிட இது தாராளம். எபிக் தளத்திலும் பெரும்பாலான கேம்களுக்கு இதே அளவுதான். பிளேஸ்டேஷன் ஸ்டோர் கறார்: 14 நாள் உண்டு, ஆனால் டவுன்லோடை ஆரம்பித்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் கேட்பது நல்லது. அதற்குப் பிறகு கேமை உருவாக்கியவரிடம் அனுப்பிவிடுவார்கள்.

ஸ்டீம் இந்த வசதியைக் கொண்டுவந்தது 2015 ஜூனில். அதற்கு முந்தைய ஆண்டுதான் ரீஃபண்ட் தர மறுத்ததற்காக ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் அதன் தாய் நிறுவனமான வால்வ் மீது வழக்குப் போட்டிருந்தது. 2016-ல் நீதிமன்றம் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' பிழைகளோடு வெளியானபோது, கறாரான சோனியே கேமைத் தன் கடையிலிருந்து இறக்கிவிட்டு முழுப் பணத்தையும் திருப்பித் தந்தது.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது

கேமை வாங்கியதும் முதல் வேலை, அது நம் கம்ப்யூட்டரில் ஓடுகிறதா என்று பார்ப்பது. மெனுவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்த 2 மணி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். வாங்கிய மறுநாளே தள்ளுபடி வந்தால் ரீஃபண்ட் வாங்கி, குறைந்த விலையில் மறுபடி வாங்கலாம். அதைத் தவறாகக் கருதுவதில்லை என்று ஸ்டீமே சொல்கிறது.

ஆனால் சின்ன கேமை முழுக்க முடித்துவிட்டுப் பணம் கேட்பது, சாப்பிட்டு இலையை மடித்த பிறகு காசைத் திருப்பிக் கேட்பது மாதிரி. 2021-ல் 'சம்மர் ஆஃப் 58' என்ற கேமை உருவாக்கியவருக்கு இதுதான் நடந்தது. கேம் 2 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பாராட்டி விமர்சனம் எழுதியவர்கள் இருந்தும் ரீஃபண்டுகள் குவிந்தன. கேம் உருவாக்குவதைக் காலவரையின்றி நிறுத்துவதாக அவர் அறிவித்தார். அடிக்கடி இப்படிச் செய்பவர்களுக்கு ரீஃபண்ட் வசதியையே ஸ்டீம் நிறுத்திவிடலாம்.

அம்மாவின் போனில் பையன் பிஜிஎம்ஐ யூசி வாங்கிவிட்டால், 'ஹேக் பண்ணிட்டாங்க' என்று எழுத வேண்டாம். வீட்டில் குழந்தை தெரியாமல் வாங்கிவிட்டது என்று உள்ளதைச் சொல்லி, உடனே கேட்கலாம். செலவழித்துவிட்ட யூசிக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். தளத்திடம் பேசாமல் நேராக வங்கியில் புகார் செய்து பணத்தை இழுத்தால், அந்தக் கணக்கே முடங்கும் ஆபத்து இருக்கிறது. அதிலுள்ள மற்ற கேம்களும் சேர்ந்து போய்விடும்.

மறுத்தால் எங்கே போவது?

முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு வர வேண்டும். வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் புகார்தாரர் தான் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம்காரர்களுக்கு அது செங்கல்பட்டு. வேளச்சேரி, ஆலந்தூர் பக்கம் என்றால் சென்னை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வாங்கிய ரசீது மெயில், பிழை தெரியும் ஸ்கிரீன்ஷாட், தளம் அனுப்பிய பதில் ஆகியவற்றை அதுவரை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.