கோப்பித் துருவும் லயக் காம்பராவும்

ஈழத்து மலையக இலக்கிய வரலாற்றில் 1869ஆம் ஆண்டு ஒரு தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அவ்வாண்டிலேயே வெளிவந்தது. கோப்பிச் செய்கையின் சிறப்பைத் தோட்ட நிர்வாகத்தின் நோக்கில் நின்று பாடிய நூல் அது. அதே ஆண்டில் மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் தூள் படிந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவிலிருந்து துவைற்ஸ் அனுப்பிய மாதிரிகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த பார்க்லி, அத்துருப் பங்கசுக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயர் சூட்டினார். கும்மி பிறந்த ஆண்டிலேயே அது பாடிய உலகின் அழிவும் தொடங்கிவிட்டது.

அழிவு உடனடியாக உணரப்படவில்லை. விலை உயர்ந்திருந்தமையால் நோய் பரவிய பின்னரும் காடுகள் வெட்டப்பட்டன. 1870களின் இறுதியில் கோப்பி நிலம் ஏறத்தாழ 275,000 ஏக்கராயிற்று. 1880இல் ஆய்வுக்கு வந்த மார்ஷல் வோட், வித்திகள் காற்றில் பரவி, நனைந்த இலையில் முளைத்து, இலைவாய்களினூடே உட்புகுவதை விளக்கினார். காற்றைத் தடுக்க மரமேயின்றி மலைக்கு மலை ஒரே பயிரை நட்டமை நோய்க்கு வழிசமைத்தது என்பதும் அவர் ஆய்வினால் தெளிவாயிற்று. எனவே இதனை வெறும் இயற்கை அனர்த்தமென்று கூறுவதற்கில்லை. பங்கசு இயற்கையினது, அது தங்குதடையின்றிப் பரவிய களமோ மூலதனம் அமைத்தது.

1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. துரைமாரின் வீழ்ச்சியை விரிவாகப் பேசும் வரலாறு, கூலி கிடைக்காது நின்றவர்களை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றது. கோப்பி பருவப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் தமிழகத்துக் கிராமங்களுக்குப் பலர் மீண்டனர். அதனிடத்தைப் பிடித்த தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். வந்துபோனவர் லயக் காம்பராவில் நிலைத்தமைக்குத் துருநோயும் ஒரு காரணம். ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களது சந்ததியினருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.

சப்பிரகமுவையில் தேயிலையோடு இறப்பரும் வேரூன்றியது. 1912இல் எஹலியகொட வழியே இரத்தினபுரியை எட்டிய சிறுபாதைப் புகையிரதம் இறப்பர்ப் பெருக்கத்தின் காலத்தது. இறப்பரும் ஒற்றைப் பயிரே. 2019 முதல் இலங்கையின் இறப்பர் மரங்களை வேறொரு பங்கசு நோய் தாக்கி வருகின்றது. பெஸ்டலோடியொப்சிஸ் எனப்படும் அது துருவன்று. இலையில் வட்டப் புள்ளிகளை உண்டாக்கி உதிர்விக்கும். இலை உதிர்ந்த மரத்திற் பால் குறையும். பால் குறைந்தால் வெட்டுபவரின் அன்றைய கணக்கும் குறையும்.