உம்மாவின் போனில் ஏன் பெட்டி பெட்டியாக வந்தது? கையடக்கத் தொலைபேசிக்குள் தமிழ் நுழைந்த வரலாறு



நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு ஜனாஸா அறிவித்தல் மூன்று விதமாக வருகிறது. ஒருவர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்புகிறார். இன்னொருவர் குரல் பதிவு போடுகிறார். மூன்றாமவர் தமிழ் எழுத்திலேயே தட்டச்சு செய்கிறார். மூன்றாமவர்தான் எண்ணிக்கையில் குறைவு. நமது கையில் இருக்கும் போனில் தமிழ் விசைப்பலகை இருக்கிறது, அதற்குக் காசும் இல்லை. இருந்தும் நாம் ஏன் பாவிப்பதில்லை?

"சோம்பேறித்தனம்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அது நியாயமில்லை. நம்மை அந்தப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது ஒரு வரலாறு. அதைத் தெரிந்துகொண்டால் போனில் வரும் பல கோளாறுகளுக்குக் காரணமும் புரியும், தீர்வும் கிடைக்கும். கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

*சட்டம் முதலில், போன் அடுத்து, தமிழ் கடைசியில்*

1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் இலங்கையின் அரசகரும மொழியானது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1989இல் செல்டெல் நிறுவனம் இந்நாட்டில் முதலாவது கையடக்கத் தொலைபேசிச் சேவையை ஆரம்பித்தது. 1995இல் டயலொக் மூலம் ஜீ.எஸ்.எம். எனும் டிஜிட்டல் முறை வந்தது. குறுந்தகவலும் அந்த முறையோடு வந்த வசதிதான்.

அதாவது, போன் நமது நாட்டுக்கு வரும்போதே தமிழ் அரசகரும மொழி. ஆனால் போனுக்கு அந்தச் சட்டம் தெரியாது. ஐரோப்பாவில் வடிவமைக்கப்பட்ட அந்தக் கருவிக்குள் ஆங்கிலமும் ஐரோப்பிய மொழிகளும்தான் இருந்தன. பட்டனை மூன்று முறை, நான்கு முறை அமுக்கி ஆங்கில எழுத்தில் "எங்க இருக்கீங்க" என்று எழுதப் பழகிய தலைமுறை நாம். அந்தப் பழக்கம் விரலில் ஏறிவிட்டது. போன் மாறிவிட்டது, விரல் மாறவில்லை.

*160 எழுத்தா, 70 எழுத்தா?*

உலகின் முதலாவது குறுந்தகவல் 1992 டிசம்பர் 3ஆம் திகதி இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. அந்தத் தொழில்நுட்பத்தில் ஒரு தகவலுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 140 பைட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்றால் மொத்தம் 1,120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும். 1,120ஐ 7ஆல் வகுத்தால் 160. தமிழ் போன்ற மொழிகளுக்கு ஓர் எழுத்துக் குறிக்கு 16 பிட் தேவை. 1,120ஐ 16ஆல் வகுத்தால் 70. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு.

அந்த 70உம் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. "உம்மா" என்பது நமக்கு மூன்று எழுத்து. போனுக்கு அது ஐந்து: உ, ம, புள்ளி, ம, அரவு. "ஜனாஸா அறிவித்தல்" என்று தலைப்பு மட்டும் எழுதினாலே, நடுவில் விடும் இடைவெளியையும் சேர்த்து 16 போய்விடும். கொஞ்சம் நீளமாக எழுதினால் ஒரு தகவல் இரண்டாக, மூன்றாகப் பிரியும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காசு. ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒன்றோடு முடியும். நமது மக்கள் கணக்குப் பார்த்துத்தான் ஆங்கில எழுத்துக்குப் போனார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அனுப்புபவரின் போனில் தமிழ் இருந்தால் மட்டும் போதாது, பெறுபவரின் போனிலும் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசையாக வெற்றுப் பெட்டிகள்தான் தெரியும். "இங்கே ஓர் எழுத்து இருக்கிறது, அதன் உருவம் என்னிடம் இல்லை" என்று போன் சொல்லும் முறை அது. வெளிநாட்டில் இருந்து மகன் ஆசையாகத் தமிழில் எழுதி அனுப்ப, இங்கே உம்மாவின் போனில் பெட்டி பெட்டியாக வந்து நின்றது. இரண்டு தடவை அப்படி நடந்தால் மூன்றாம் தடவை யார் தமிழில் எழுதுவார்?

*பாமினி செய்த உதவியும், விட்டுச்சென்ற தலைவலியும்*

கணினியில் வேறு ஒரு கதை நடந்தது. நமது வினாத்தாள்கள், கல்யாணக் கார்டுகள், பள்ளிவாசல் துண்டுப்பிரசுரங்கள் எல்லாம் பல வருடங்களாக பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்யப்பட்டன. இன்றும் பல கொமினிகேஷன் கடைகளில் அதுதான்.

பாமினி ஓர் உபாயம். கணினி ஆங்கில எழுத்து என்று நினைத்துச் சேமிக்கிறது, அந்த இடத்தில் தமிழ் உருவத்தை எழுத்துரு காட்டுகிறது. "உம்மா" என்று அடிக்க சீ, கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற விசைகளை அடிக்க வேண்டும். பாமினி உள்ள கணினியில் அது உம்மா. பாமினி இல்லாத போனில் அது வெறும் சீ, கே, அரைப்புள்ளி, கே, எச். தவணைப் பரீட்சைத் தாளை வேர்ட் கோப்பாக அனுப்பினால், பெற்றோரின் போனில் புரியாத ஆங்கிலக் குப்பையாகத் திறப்பதன் இரகசியம் இதுதான். கோப்பில் வைரஸ் இல்லை, போனும் பழுதில்லை.

இந்தக் குழப்பத்துக்கு விடை 1991இலேயே வந்துவிட்டது. அந்த வருடம் வெளியான யூனிகோடின் முதலாவது பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் இருந்தது. உலகின் எந்தக் கருவியிலும் "அ" என்றால் ஒரே எண் என்பதே யூனிகோடின் அடிப்படை. இலங்கையிலும் தமிழுக்கான கணினிக் குறியீடு, விசைப்பலகை ஆகியவற்றுக்கு 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரம் வெளியிடப்பட்டது. ஆனால் தரம் காகிதத்தில் வருவது ஒன்று, கருவிக்குள் வருவது இன்னொன்று.

*ஸ்மார்ட் போன் வந்தபோதும் தமிழ் வரவில்லை*

2007இல் ஐபோன் வந்தது. 2008இல் முதலாவது ஆண்ட்ராய்ட் போன் வந்தது. தொடுதிரை, கெமரா, வரைபடம் எல்லாம் இருந்தன. தமிழ் இல்லை. ஆரம்ப ஆண்ட்ராய்ட் போன்களில் தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றைத் திறந்தால் அதே பழைய பெட்டிகள்தான். அன்று நமது இளைஞர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். ஒபெரா மினி உலாவியில் ஒரு மறைவான அமைப்புப் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டச் சொல்லும் தெரிவை "ஆம்" என்று மாற்றுவது. எழுத்தை எழுத்தாகக் காட்ட முடியாத போன், அதைப் படமாக வாங்கிக் காட்டியது. அக்காலத்தில் தமிழ் வாசிக்க விரும்பிய பலருக்கு அது ஞாபகமிருக்கும்.

தமிழை எழுதுவதற்கும் சிலர் தனி முயற்சி எடுத்தார்கள். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இல் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. பட்டன் போனிலேயே தமிழில் குறுந்தகவல் எழுத அது வழி செய்தது. பெரிய நிறுவனங்கள் திரும்பிப் பார்க்க இன்னும் சில வருடங்கள் எடுத்தன. 2011இல் வந்த ஆண்ட்ராய்ட் 4.0உம் அதற்கு அடுத்த பதிப்புகளும்தான் தமிழ் எழுத்துருவைப் போனோடு சேர்த்தே தந்தன. 2013இல் ஐபோனின் ஐ.ஓ.எஸ். 7இல் தமிழ் விசைப்பலகை சேர்க்கப்பட்டது. 2017 ஓகஸ்ட் மாதம் கூகுள் தனது குரல்வழித் தட்டச்சில் முப்பது மொழிகளைப் புதிதாகச் சேர்த்தது. அதில் சிங்களமும் இருந்தது, தமிழும் இருந்தது. தமிழில் இந்தியா, சிங்கப்பூர், இலங்கை என்று தனித்தனித் தெரிவுகளும் இருந்தன.

1989 முதல் 2011 வரை எண்ணிப் பாருங்கள். இருபத்திரண்டு வருடங்கள். ஒரு பிள்ளை பிறந்து, படித்து, பல்கலைக்கழகம் போகும் காலம். அவ்வளவு காலமும் போன் நம்மை ஆங்கில எழுத்துக்குப் பழக்கியது.

*நமது முன்னோர் செய்தது வேறு*

"தமிழை வேறு எழுத்தில் எழுதுவது நமக்குப் புதிதா? அரபுத்தமிழ் இருந்ததே!" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதி மார்க்க நூல்களையும் பாடல்களையும் ஆக்கினார்கள். ஆனால் அவர்கள் அரபு எழுத்தை அப்படியே எடுத்து ஒட்டவில்லை. அரபியில் இல்லாத ப, ச, ட, ண, ள போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய எழுத்துகளை அமைத்தார்கள். அதற்கு முறை இருந்தது, மதரஸாவில் கற்பித்தார்கள், எல்லோரும் ஒரே மாதிரி வாசித்தார்கள்.

இன்று நாம் ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழுக்கு அப்படி எந்த முறையும் இல்லை. ல, ள இரண்டுக்கும் ஒரே எழுத்து. ன, ண, ந மூன்றுக்கும் ஒரே எழுத்து. பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடுகின்றன. "பள்ளியில் கூட்டம்" என்று அனுப்பினால் சிரிப்பதற்கு வழியுண்டு. ஆனால் வலியும் வழியும், மனமும் மணமும் பிரியாமல் வளரும் பிள்ளை பரீட்சைத் தாளில் என்ன எழுதும்? அதை நாங்கள் வகுப்பறையில் ஒவ்வொரு நாளும் திருத்திக்கொண்டிருக்கிறோம்.

1882இல் அறிஞர் சித்திலெப்பை கண்டியில் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கியபோது, தமிழ் எழுத்தை அச்சில் கோத்துத்தான் மக்களிடம் பேசினார். ஒவ்வோர் எழுத்தாக ஈய அச்சைக் கையால் அடுக்க வேண்டிய காலம் அது. கல்வி, சமூகம், நாட்டு நடப்பு எல்லாம் நமது மக்களுக்குத் தமிழில் போய்ச்சேர வேண்டும் என்பதற்காக அந்தச் சிரமத்தை எடுத்தார்கள். நமக்கோ விரலால் தொட்டால் போதும்.

*சரி, இப்போது என்ன செய்யலாம்?*

1. *வெற்றுப் பெட்டிகள் தெரிந்தால்:* போனில் அந்த எழுத்துரு இல்லை என்று அர்த்தம். செட்டிங்ஸில் மென்பொருள் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். மிகப் பழைய போன் என்றால் அப்டேட் கிடைக்காமல் போகலாம். அப்படியானவருக்குத் தமிழ்த் தகவலை ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் படமாக அனுப்புங்கள்.

2. *ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குப்பையாகத் திறந்தால்:* அது பாமினி. அனுப்பியவரிடம் பீ.டி.எஃப். ஆக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். பீ.டி.எஃப். எழுத்துருவைத் தன்னோடு சுமந்து வரும். பாடசாலை, பள்ளிவாசல் நிர்வாகத்தினர் இனி யூனிகோடிலேயே தட்டச்சு செய்யச் சொன்னால் இந்தத் தலைவலி அடியோடு தீரும்.

3. *கொம்புக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் வந்தால்:* பாமினியில் பழகியவர்கள் "கெ" எழுத முதலில் கொம்பை அடித்துப் பிறகு "க" அடிப்பார்கள். யூனிகோடில் முதலில் "க", பிறகு கொம்பு. வரிசையை மாற்றினால் வட்டம் போய்விடும். அலங்கார எழுத்துரு போட்டிருந்தாலும் தமிழ் சிதறலாம். போனின் வழமையான எழுத்துருவுக்குத் திரும்புங்கள்.

4. *தமிழ் விசைப்பலகை:* கீபோர்ட் செட்டிங்ஸில் மொழிகள் என்ற இடத்துக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். ஆங்கில எழுத்தில் அடித்தே பழகியவர்கள் கவலைப்பட வேண்டாம். ஜீபோர்டில் ஆங்கில எழுத்தில் அடிக்கத் தமிழாக மாற்றித் தரும் தெரிவும் இருக்கிறது. பழைய விரலுக்குப் புதிய பயன்.

5. *எழுதவே கஷ்டம் என்றால்:* கீபோர்டில் உள்ள மைக் அடையாளத்தைத் தொட்டு, மொழியைத் தமிழ் (இலங்கை) என்று தெரிவுசெய்து கதையுங்கள். அது எழுதித் தரும். நமது பேச்சு வழக்கிலும் அரபுச் சொற்களிலும் தடுமாறும். ஆகவே அனுப்ப முன் ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள். ஜனாஸா, நிகாஹ் போன்ற அடிக்கடி பாவிக்கும் சொற்களை கீபோர்டின் தனிப்பட்ட அகராதியில் சேர்த்து வைக்கலாம்.

6. *கண் பார்வை குறைந்த பெரியவர்களுக்கு:* ஆண்ட்ராய்ட் போனின் அணுகல் வசதிகளில், திரையில் உள்ளதைத் தெரிவுசெய்தால் வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது. தமிழ்க் குரலும் உண்டு. ஆனால் தகவல் தமிழ் எழுத்தில் இருந்தால்தான் அது சரியாக வாசிக்கும். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழை அது ஆங்கிலமாக வாசித்துக் குழப்பும்.

இந்த ஆறாவது விடயத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். மண்சரிவு எச்சரிக்கை வருகிறது. வெள்ளம் வருகிறது. டெங்கு முகாம் நடக்கிறது. யாரோ ஒருவருக்கு அவசரமாக இரத்தம் தேவைப்படுகிறது. குரல் பதிவைத் தொழுகையிலோ வகுப்பிலோ இருப்பவர் கேட்க முடியாது. காது கேளாதவர் ஒருபோதும் கேட்க முடியாது. நாளைக்கு நேரத்தையும் இடத்தையும் தேடினால் அதில் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆங்கில எழுத்தில் எழுதினால் ஆங்கில எழுத்துத் தெரியாத மூத்தம்மாவுக்கு அது மூடிய கடிதம். தமிழில் எழுதிய நான்கு வரியை வாசிப்பவர் வாசிக்கலாம், கேட்பவர் போனைக் கொண்டு கேட்கலாம், தேடுபவர் தேடி எடுக்கலாம்.

சட்டம் 1987இல் தந்த உரிமை, போனுக்குள் வர இரண்டு தசாப்தத்துக்கு மேல் எடுத்தது. அதைக் கொண்டுவர யாரோ உழைத்தார்கள். இப்போது அது நமது கையில் இருக்கிறது. நமது மொழியில் அறிவித்தல் வரவில்லை என்று அரச திணைக்களங்களிடம் கேட்கும் உரிமை நமக்கு நிச்சயமாக உண்டு. அப்படிக் கேட்கும் நாம், நமது ஊர்க் குழுமத்திலாவது நமது மொழியில் எழுத வேண்டாமா?

இந்த வாரம் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். வாப்பா, உம்மாவின் போனை வாங்கித் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுங்கள். மைக்கைத் தொட்டுக் கதைக்கப் பழக்குங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. குழும நிர்வாகிகளே, அடுத்த அறிவித்தலைத் தமிழில் போடுங்கள். செட்டிங்ஸில் எங்காவது தடுமாறினால் கீழே கேளுங்கள், தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.