வேடந்தாங்கல் கவுல்

கடற்பறவைகளை அவை குஞ்சு பொரிக்கும் பருவத்தில் சுடுவதைத் தடுக்கும் சட்டத்தைப் பிரிட்டன் 1869இல்தான் இயற்றியது. ஆனால் ஏறத்தாழ எழுபதாண்டுகளுக்கு முன்பே, செங்கல்பட்டுச் சீமையின் வேடந்தாங்கல் ஏரியில் ஆங்கிலப் படைவீரர்கள் நாரைகளைச் சுட்டதைப் பொறாத குடியானவர்கள், ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையைக் கவுல் எனப்படும் எழுத்துவழி உறுதிச்சீட்டாகப் பெற்றனர். இதை வெறும் கருணை என்பது பாதி உண்மையே. நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நெருங்கிக் கூடுகட்டும் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம் முதலியவற்றின் எச்சம் ஏரியில் கரைந்து, மதகு வழியே வயலுக்கு உரமாகப் பாய்ந்ததால் எருச்செலவு குறைந்தது. பிளேசும் நினைக்கத்தக்கவர். எனினும் முதற்பெருமை ஊராருக்கே உரியது. அவ்வேரி 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.