கணவாயும் காட்மியமும்

மட்டாஞ்சேரியில் வீடு பிடிக்கும் நம்மூர்க் குடும்பங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: "காயல் மீன் சாப்பிடலாமா சார்? அதில் ஏதோ உலோகம் இருக்காமே?" பி.காம். படித்தவனுக்கு வேதியியல் எதற்கு என்று நினைக்காதீர்கள். இது பாதி சரித்திரம், பாதி வரவு செலவுக் கணக்கு.

சரித்திரம் நம்மவர்களிடமிருந்தே தொடங்குகிறது. திருவிதாங்கூரில் சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்தபோது, சேஷசாயி சகோதரர்கள் முன்னின்று 1943இல் ஆரம்பித்த உரக் கம்பெனிதான் ஃபாக்ட். பெரியாற்றங்கரையில் ஏலூரில் 1947இல் உற்பத்தி தொடங்கியது. அரிசிப் பஞ்சக் காலம்; உரம் தேவைப்பட்டது. ஆறும் துறைமுகமும் பக்கத்திலேயே. பின்னாலேயே ரசாயன ஆலைகள் வரிசை கட்டின. 1967இல் எடையாரில் பினானியின் துத்தநாக ஆலை வந்தது.

துத்தநாகத் தாதுவோடு காட்மியமும் ஒட்டிக்கொண்டே வரும். கழிவாக ஆற்றில் இறங்கினால் மக்காது. காயல் சேற்றில் படியும். அந்தச் சேற்றில் கிடந்து தண்ணீரை வடிகட்டித் தின்னும் கக்கா, அதாவது நம்மூர் மட்டி, அதைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். நம் சிறுநீரகத்துக்கு வந்துவிட்டால் அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 வருஷம் ஆகும். அசலே குறையாத கடன்!

ஜப்பான் இந்தப் பாடத்தை முன்பே படித்தது. 1956இல் மினமாட்டாவில் மீன் வழியாகப் பாதரசம். 1968இல் டொயாமாவின் எலும்பு நோய்க்குச் சுரங்கக் காட்மியமே காரணம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது.

இங்கே 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகளில் கொச்சியையும் சேர்த்தது. துத்தநாக ஆலை 2014இல் நின்றது. படிந்த சேறு நிற்கவில்லை. 2024 மே மாதம் பெரியாற்றில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்ததே, அது ஆக்சிஜன் குறைவும் சல்பைடு, அம்மோனியா விஷமும். செத்த மீன் கண்ணுக்குத் தெரியும், ஊர் திரண்டு கேள்வி கேட்கும். உலோகம் ஏறிய மீனோ துள்ளிக்கொண்டுதான் இருக்கும்.

இப்போது கணக்கு. கணவாயின் ஈரலில் காட்மியம் இயல்பாகவே சேரும். அதற்கு ஆலை வேண்டியதில்லை. குடல் நீக்கிய கணவாய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம். அதைத் தாண்டிய இந்தியச் சரக்குகள் அங்கே திருப்பப்பட்டதுண்டு. அதனால் ஏற்றுமதிச் சரக்கு சோதனைக்கூடம் போய்ச் சான்றிதழோடு கப்பலேறுகிறது. நம் கூடைக்கு வரும் மீனுக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. ஐரோப்பியன் சிறுநீரகமும் நம் சிறுநீரகமும் ஒன்றுதானே?

அதற்காக மீனை விட்டுவிட வேண்டாம். கணவாய் வாங்கினால் ஈரல், குடல், மைப்பை எல்லாம் சுத்தமாக எடுக்கச் சொல்லுங்கள். கக்கா எந்தப் பக்கம் வாரியது என்று கேளுங்கள். ஒரே மீனைத் தினமும் வாங்காமல் மத்தி, நெத்திலி என்று மாற்றி வாங்குங்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்பவர்கள் பெரிய சுறாவைத் தொடவே வேண்டாம். வயசு ஏற ஏற அதில் பாதரசமும் ஏறும்.