ஊர் விளக்கும் பொதுப் பணமும்

இலங்கையின் மின்சார வரலாற்றைக் கூற வருவோர் பெரும்பாலும் லக்சபானாவிலிருந்து தொடங்குவர். 1918 ஆம் ஆண்டிலே, நமது அருவிகளின் நீர்வலுவைக் கொண்டு நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை ஆக்கலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா ஓர் ஆய்வுரையில் எடுத்துக் காட்டினார். பல தடைகளைக் கடந்து 1950 இல் லக்சபானா மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. ஆயினும், நேயர்களே, அதற்கு நெடுங்காலம் முன்பே மலைநாட்டில் நீர்வலு உழைத்துக்கொண்டிருந்தது. தேயிலைத் தோட்டங்கள் நூற்றுக்கணக்கானவை தத்தம் ஓடைகளை மறித்து, குழாய்வழி நீரை இறக்கி, சுழலியைச் சுழற்றித் தொழிற்சாலைகளை நடத்தி வந்தன.

பெரிய மின்கம்பி மலையேறி வந்ததும் அச்சிறு நிலையங்களுக்கு என்ன நேர்ந்தது? கம்பியில் வந்த மின்சாரம் மலிவாகவும் தொல்லையற்றதாகவும் இருந்தது. ஆகவே வாய்க்கால்கள் தூர்ந்தன, குழாய்கள் துருவேறின, பெரும்பாலான சுழலிகள் நின்றுபோயின. அன்றைய கணக்கின்படி அது நியாயமே. ஆனால், பெரிய கம்பி ஒருநாள் ஓய்ந்தால் என் செய்வது என்னும் கேள்விக்கு அக்கணக்கிலே இடமிருக்கவில்லை.

அக்கேள்வி பின்னர் பலமுறை எழுந்தது. 1996 இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியபோது நாடு நீண்ட மின்வெட்டைக் கண்டது. வடக்கிலோ போர்க்காலத்தில் மின்கம்பியே அற்றுப்போயிற்று. 1990களில் யாழ்ப்பாணத்து மக்கள் ஜாம் போத்தலில் பஞ்சுத் திரியிட்டு, சிறிதளவு மண்ணெண்ணெயில் விளக்கெரித்தனர். சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அவ்விளக்கொளியிலே படித்துத் தேறிய மாணவர் பலரை நான் அறிவேன். குடாநாடு மீண்டும் தேசிய மின்வலையோடு இணைந்தது 2013 இலேதான். மக்களின் புத்திசாதுரியம் அக்காலத்தைக் கடத்தியது உண்மை. எனினும் சாதுரியம் ஒரு வீட்டைக் காக்கும். மருந்தகத்தின் குளிர்பெட்டியையும் ஊரின் நீரிறைக்கும் இயந்திரத்தையும் காப்பதற்குக் கூட்டு முயற்சியும் முதலீடும் வேண்டும்.

அத்தகைய கூட்டு முயற்சிக்கு நம் நாட்டிலேயே சிறந்த முன்மாதிரி உண்டு. சப்பிரகமுவா மலைக்கிராமங்களிலும் அயலிலும், 1990களின் தொடக்கம் முதல், ஊரார் ஒன்றுகூடி மின்பாவனையாளர் சங்கங்கள் அமைத்தனர். இங்கிலாந்தில் தோன்றிய இடைநிலைத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் குழு அவர்களுக்குத் தொழில்நுட்பத் துணை நின்றது. ஓடைக்குக் குறுக்கே சிறு அணை, ஒரு தொட்டி, கீழிறங்கும் குழாய், ஒரு சுழலி, இவ்வளவே நிலையம். வீடொன்றுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 200 வாற்று. சில விளக்குகளுக்கும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அது போதும்.

இதற்குப் பணம் வந்த வழியே நாம் கருதத்தக்கது. 1997 இல் உலக வங்கியின் கடனாக ஏறத்தாழ 2 கோடி 40 இலட்சம் டொலரும், உலகச் சுற்றாடல் வசதி நிதியத்தின் கொடையாக ஏறத்தாழ 59 இலட்சம் டொலரும் கொண்டு ஒரு திட்டம் தொடங்கிற்று. 2002 இல் அதனைத் தொடர்ந்து பெரியதொரு திட்டம் வந்தது. அது 2011 வரை நடந்தது. அரசாங்கம் நேரே நிலையம் கட்டிக் கொடுக்கவில்லை. ஊர்ச் சங்கம் உள்ளூர் வங்கியில் கடன் பெற்றது. வங்கி கொடுத்த கடனின் பெரும்பகுதியைத் திட்டநிதி வங்கிக்கு ஈடுசெய்தது. செலவின் ஒரு பங்கு கொடையாகக் கிடைத்தது. ஊரார் சிரமதானமாக வாய்க்கால் வெட்டினர், சீமெந்து சுமந்தனர், மாதந்தோறும் சந்தா செலுத்திக் கடனை அடைத்தனர். இவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் எழுந்தன. தன் தோளில் சுமந்த குழாயை ஊர் தன்னுடையதாகவே காத்தது.

ஆயினும் பழைய கதை மீண்டும் நிகழ்ந்தது. தேசிய மின்கம்பி இக்கிராமங்களையும் எட்டியபோது பல சங்கங்கள் கலைந்தன, சுழலிகள் ஓய்ந்தன. சில நிலையங்கள் மட்டும் தேசிய வலையோடு இணைந்து மின்சாரம் விற்கும் வழி கண்டன. இந்நிலையங்களை நிறுவப் பணம் இருந்தது; கம்பி வந்தபின் அவற்றைக் காப்புவலுவாகப் பேணுவதற்கு எவரும் பணம் ஒதுக்கவில்லை. தோட்டங்களின் அனுபவத்தை நாம் வரலாறாகக் கற்றிருந்தால், இந்தப் பிழை இரண்டாம் முறை நேர்ந்திராது.

அதன் விலை விரைவிலேயே தெரிந்தது. 2022 மார்ச் இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணியின்றி, நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நாடு இருளில் கிடந்தது. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததனால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அன்று நண்பகல் வெயில் காய்ந்தது. கூரைகளிலோ 2016 முதல் அரசு ஊக்குவித்து வந்த சூரியத் தகடுகள் இருந்தன. இருந்தும் அவற்றுட் பெரும்பாலானவை அவ்வீடுகளுக்கு உதவவில்லை. கம்பியைத் திருத்துவோரின் உயிர்ப் பாதுகாப்புக் கருதி, வலை நின்றதும் தகடுகளும் தாமே நிற்குமாறு அவை அமைக்கப்பட்டுள்ளன. மின்கலமும், வலையிலிருந்து பிரித்துத் தனியே இயக்கும் ஆளியும் உள்ள இடங்களிலேயே விளக்கெரிந்தது.

காரணம் எளிது. விற்ற அலகுக்கே நாம் விலை கொடுக்கின்றோம். இருண்ட வேளையில் எரியும் ஆற்றலுக்குத் தனி விலை எதுவுமில்லை. விலையில்லாத பொருளைச் சந்தை வழங்காது. அதனை வழங்குவது பொது நிதியின் கடமை. ஊருக்கு ஒரு மருந்தகம், ஒரு பாடசாலை, ஒரு நீரிறைக்கும் நிலையம், ஆகிய இம்மூன்றும் கம்பி அற்ற நாளிலும் இயங்குமாறு மின்கலத்தோடு அமைக்கப் பொதுப்பணம் கொடையாக வரட்டும். மின்கலம் தேய்ந்தால் மாற்றுவதற்கென ஊர்ச் சங்கம் சிறு சந்தா திரட்டிச் சேமநிதி வைக்கட்டும். கட்டுவதற்குக் கொடுப்போர், பேணும் திட்டத்தையும் கேட்டறிந்த பின்னரே கொடுக்கட்டும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றிற்குச் சூரியவலுவும் காற்றுவலுவும் இணைந்த நிலையங்கள் அமைக்க, இந்திய அரசின் கொடையுடன் 2024 மார்ச்சில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. டீசல் இயந்திரங்களை நம்பி வாழ்ந்த அத்தீவு மக்களுக்கு அது நற்செய்தியே. எந்த நாட்டுப் பணம் வந்தாலும், நிலையத்தைப் பேணும் கைகள் அவ்வூரின் கைகளாக இருத்தல் வேண்டும். சப்பிரகமுவா மலைக்கிராமத்தார் அதனைச் செய்து காட்டினர். அவர்களுடைய ஓடைகள் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.